ஐயத்தின் இலாபம்

முதலாளிகளின் பத்திரிகைகளை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்று நாம் மாணவர்க்குக் கூறிவருகிறோம். அமெரிக்காவில் துப்பாக்கியைத் தம் பிறப்புரிமையாகக் கொண்டாடுவோரும் இதனையே கூறுகின்றனர். பெருநகரத்துப் பத்திரிகைகள் தம்மை ஏளனஞ் செய்கின்றன என்பது அவர்தம் மனக்குறை. அதிற் சிறிதும் உண்மையில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், அந்த ஐயத்தால் இலாபமடைவோர் யாவர்?

வீட்டில் துப்பாக்கியிருந்தால் அவ்வீட்டார் கொலையுண்ணும் அபாயம் மிகுதி என்று 1993இல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அதற்குப் பணம் உதவியது அரசின் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம். தேசியத் துப்பாக்கிச் சங்கம் வெகுண்டெழுந்தது. 1996இல் கொங்கிரஸ், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க அந்நிலையத்தின் பணம் செலவாகலாகாது என விதித்தது. முந்திய ஆண்டு இவ்வாராய்ச்சிக்குச் செலவான 26 இலட்சம் டொலரையும் எடுத்துக்கொண்டது. ஆராய்ச்சியை எவரும் தடைசெய்யவில்லையாம்! அதிகாரிகள் குறிப்பறிந்து அடங்கினர். விதியை முன்மொழிந்த ஜே டிக்கியே 2012இல் ஆராய்ச்சி வேண்டுமென எழுதினார். மீண்டும் பணம் ஒதுக்கப்பட்டதோ 2019இன் இறுதியில்.

இதற்கிடையே வதந்திக்குத் தடையேதும் இருக்கவில்லை. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பாடசாலையில் 20 குழந்தைகளும், ஆசிரியர் உட்பட ஊழியர் அறுவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். துப்பாக்கியைப் பறிக்க அரசு ஆடிய நாடகம் இது, பத்திரிகைகள் இதற்கு உடந்தை என்றனர் சிலர். பிள்ளையைப் புதைத்த பெற்றோரிடமே மரணத்துக்குச் சான்று கேட்டனர். சட்டம் வருமுன் வாங்கிவிட வேண்டுமென்று மக்கள் கடைகளை மொய்த்தனர். துப்பாக்கி விற்பனை என்றுமில்லாதவாறு பெருகிற்று.