"இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க!"

மதுரை மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யூ வாசலில் அந்தப் பெண்மணிக்கு அது மூன்றாவது நாள். ஊர், அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டி. பித்தப்பைக் கல் நழுவி அடைத்ததில் கணையம் வீங்கி, தறி ஓட்டும் கணவர் உள்ளே வென்டிலேட்டரில் இருந்தார்.

பார்வையாளர் நேரத்தில் போனவர் கண்ணில் முதலில் பட்டது வயிறுதான். மத்தளம் மாதிரி விறைத்திருந்தது. கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் காலையிலிருந்து ஒரு டம்ளர்கூடச் சேரவில்லை.

"ஒண்ணுக்கே போகலையே சிஸ்டர்... இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க" என்றார் கூட வந்த அண்ணன். எந்த நோய்க்கும் பாட்டில் ஏற்றினால் தெம்பு வந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை.

"ஏத்துனதே வயித்துல தேங்கி நிக்குதுண்ணே" என்றார் நர்ஸ்.

கணையம் வீங்கும்போது ஆரம்பத்தில் சலைன் உயிர் காக்கும். ஆனால், அழற்சியால் ரத்தக் குழாய்கள் கசிந்து, அந்த நீர் குடலிலும் வயிற்று அறையிலும் சேரும். உள்ளே அழுத்தம் ஏறினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும். உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரல் விரிய இடமிருக்காது.

கையால் தொட்டுப் பார்த்து இதை உறுதி செய்ய முடியாது; அளக்க வேண்டும். நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, சிறுநீர்க் குழாய் வழியே 25 மில்லிக்கு மிகாமல் சலைன் செலுத்தி, மூச்சு வெளியேறி முடியும் கணத்தில் அளவெடுப்பார்கள். அமெரிக்காவின் விர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 1984-லேயே சிறுநீர்க் குழாய் வழியே அளந்து எழுதியிருக்கிறார்கள். அளவு 12-ஐத் தொட்டாலே எச்சரிக்கை. 20-ஐத் தாண்டி, புதிதாக ஓர் உறுப்பும் செயலிழந்தால் உயிருக்கே ஆபத்து.

அவருக்கு 23.

சலைனைக் குறைத்தார்கள். மூக்குக் குழாய் வழியே இரைப்பையைக் காலி செய்தார்கள். வயிற்றுத் தசை தளர மயக்க மருந்தைக் கூட்டினார்கள். ஸ்கேன் பார்த்து, தேங்கிய நீரைக் குழாய் போட்டு வடித்தார்கள். "இதுக்கும் இறங்கலைன்னா வயித்தைத் திறந்து, கொஞ்ச நாள் மூடாமலே வைக்கணும்" என்று டாக்டர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அன்று இரவு அந்தப் பெண்மணி கண்ணே மூடவில்லை.

விடிந்தபோது அளவு 14. சிறுநீர்ப் பை பாதி நிறைந்திருந்தது. ஆபரேஷனுக்கு வேலை வரவில்லை.

வாசலுக்கு வந்து அண்ணனிடம் சொன்னார்: "கம்மா நெறஞ்சு கரை உடையப்போற நேரத்துல, மடையைத் தொறக்கச் சொல்லாம இன்னும் தண்ணி விடச் சொல்லியிருக்கோம்ணே!"