பறவை சுமந்த பிக்கு

வேலைக்காகக் கோன் கேனில் குடியேறிய யாருக்கும் லுவாங் போ கூன் என்ற பிக்குவைத் தெரியாமல் இருக்க வழியில்லை. வடகிழக்குத் தாய்லாந்தில் டாக்சியில் தொங்கும் தாயத்திலும் சாப்பாட்டுக்கடைச் சுவரிலும் அவர்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். 2015 மே 16 அன்று 91 வயதில் காலமானார். உடலை மருத்துவ மாணவர்களுக்கென்று கோன் கேன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்ததால், தகனம் 2019 ஜனவரி 29 அன்றுதான் நடந்தது.

பக்கத்து வீட்டு அக்கா எங்களையும் கூட்டிப்போனார். எல்லோர் கையிலும் சந்தன மரச் சீவலில் செய்த பூ. எங்கு திரும்பினாலும் அன்னதானப் பந்தல். சிதைமேடையைப் பார்த்ததும் என் மகள் கேட்டாள்: "அம்மா, பிள்ளையாருக்கு ஏன் றெக்கை?"

பறவை உடம்பு, யானைத் தலை, முதுகில் அடுக்கு மண்டபம். 'ஹத்சடிலிங்' என்றார் அக்கா. எரிப்பதற்கு முன் அதைக் கொல்லவும் வேண்டுமாம். தெய்வம் ஏறிய பெண் ஒருத்தி அம்பு விடுவாள்.

கொலை எதற்கு என்று விசாரித்தபோது உபோன் ராட்சதானி ஊர்க் கதை கிடைத்தது. மன்னனின் பிணத்தை இறைச்சி என்று நினைத்து இந்தப் பறவை தூக்கியதாம்; சீதா என்ற பெண் அதை எய்து வீழ்த்தினாளாம்; பறவையையும் மன்னனையும் சேர்த்தே எரித்தார்களாம். உபோன் பிரபுக்களின் தகனத்துக்கு இருந்த இந்த வழக்கம், பிற்பாடு மூத்த பிக்குகளுக்கும் வந்தது.

பறவை எங்கிருந்து வந்தது? விடை தம்மபதத்தின் பாலி உரையான அட்டகதையில் இருந்தது. கோசாம்பி அரசி, நிறைசூலி, சிவப்புக் கம்பளம் போர்த்தி வெயில் காய்கிறாள். ஐந்து யானை பலமுள்ள பறவை அவளை மாமிசம் என்று தூக்கிப் போகிறது. கத்தினால் கீழே போட்டுவிடும் என்று வாயைத் திறக்காமல் இருக்கிறாள். மரக்கவட்டில் வைத்த பிறகுதான் கைதட்டிக் கூச்சலிட்டு விரட்டுகிறாள். என்ன நிதானம்! விடியும்போது அங்கே பிறந்த பிள்ளைதான் உதயணன். ஆம், நம் கொங்குவேளிரின் 'பெருங்கதை' நாயகன். 1924-இல் உ.வே.சா. பதிப்பித்த அந்த நூலின் முதலும் முடிவும் கிடைக்கவில்லை. ஆனால் தாயைப் பறவை தூக்கிய கதை 'உதயணகுமார காவியம்' வழியாகத் தமிழிலும் உண்டு.

தாய்லாந்தில் பாலி படிக்கும் பிக்குகளுக்கு அந்த அட்டகதைதான் பாடநூல். ஏட்டிலிருந்த பறவை சிதைமேடைக்கு வந்தது இந்த வழியாகத்தான் என்பது என் ஊகம். உயிரோடிருந்த அரசியைத் தூக்கிய பறவை, இங்கே இறந்த மன்னனைத் தூக்குகிறது. அம்பு மட்டும் வடகிழக்குத் தாய்லாந்து மண்ணின் சரக்கு.

எனக்கு ஒரு குறை உண்டு. அரச மரியாதை எதையும் கேட்க வேண்டாம், எளிமையாக எரியுங்கள் என்று உயில் எழுதியவர் அந்தப் பிக்கு. பக்தர்கள் அவரைப் பிரபுக்களின் பறவைமேல் ஏற்றினார்கள். அஸ்தியை மட்டும் அவர் சொன்னபடியே நோங் காயில் மேகாங் ஆற்றில் கரைத்தார்கள்.