முக்கோணம் கேட்கும் கேள்வி

வில்லைப் பொறித்தான் சேரன். புலியைப் பொறித்தான் சோழன். கயலைப் பொறித்தான் பாண்டியன். மூன்று பொறிகளும் முழங்கியது ஒன்றே: "இது என் நிலம், இங்கு என் ஆணை!" வேந்தர் மறைந்தனர், பொறிக்கும் வழக்கம் மறையவில்லை. வாழ்வில் உயர வழிகாட்டுவோம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிறுவனங்களுக்கும் இன்று சின்னம் உண்டு. ஏறும் அம்பு, விரியும் மலர், சிறகடிக்கும் பறவை! அவற்றைக் காணுந்தோறும் நம் நெஞ்சில் எழும் ஐயம் ஒன்று. சின்னம் சொல்வதைச் செயலும் சொல்கிறதா?

இந்த ஐயத்தை உரைத்துப் பார்க்க ஏற்ற சின்னம், ஒய்.எம்.சி.ஏ. எனும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் முக்கோணம். டேல் கார்னெகி தம் மேடைப்பேச்சு வகுப்பை 1912இல் தொடங்கியது நியூயார்க் நகரில் அச்சங்கத்தின் கட்டடத்தில்தான். டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சு மன்றத்தை ரால்ஃப் ஸ்மெட்லி 1924இல் நிறுவியதும் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் அதே சங்கத்தின் நிழலில்தான். ஆளுமை வளர்ச்சி என்ற பெயரில் இன்று நடக்கும் பயிற்சிகள் பலவற்றுக்கு அது தாய்வீடு.

1844இல் இலண்டன் துணிக்கடை ஊழியர் ஜார்ஜ் வில்லியம்ஸ் தம் தோழர்களோடு தொடங்கிய சங்கம் அது. வழிபாடும் வேதநூல் பயிற்சியுமே அதன் தொடக்க வேலை. கடல் கடந்து அமெரிக்கா சென்ற பின், ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய மருத்துவர் லூதர் குலிக், 1891ஆம் ஆண்டளவில் அதற்கு ஒரு முக்கோணத்தைத் தந்தார். மேற்கோடு ஆன்மா, அதைத் தாங்கும் இருபுறக் கோடுகள் உடலும் உள்ளமும். மூன்றும் ஒரே அளவு!

எளிய கோடுகள்தாம், ஆனால் எத்துணைத் துணிவு! ஆட்டமும் ஓட்டமும் வீண்பொழுது, உடலைப் பேணுவது உலகப் பற்று என்று பக்தர் பலர் எண்ணியிருந்த நாளில், ஆன்மாவுக்கு எவ்வளவோ அவ்வளவே உடலுக்கும் என்று அளந்து காட்டினார் குலிக். அளந்ததோடு நிற்கவும் இல்லை. பனிக்காலத்தில் கூரையின்கீழ் ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று அவர் பணிக்க, 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டி, 13 விதிகளை எழுதிக் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். 1895இல் ஹோலியோக் கிளையில் வில்லியம் மார்கன் கைப்பந்தாட்டத்தைத் தந்தார். கோடாக இருந்த கொள்கை கூடையாயிற்று, பந்தாயிற்று, உலகம் ஆடும் ஆட்டமாயிற்று!

ஆனால், முக்கோணத்தின் பக்கங்கள் சமமாயின. வாயிலில் நின்ற மனிதர் சமமாயினரா? அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்ற அந்தோணி போவன், கறுப்பின மக்களுக்கென 1853இலேயே வாஷிங்டனில் தனிக்கிளை அமைத்தார். ஏன் தனிக்கிளை? வெள்ளையர் கிளையின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை! ஒரே சின்னத்தின்கீழ் இரு வாயில்கள், இரு குளங்கள், இரு கூடங்கள். இப்பிரிவினையைக் கைவிடுக என்று அமெரிக்கத் தேசியப் பேரவை தீர்மானித்தது 1946இல். கிளைகள் பல பணிய மேலும் ஆண்டுகள் கடந்தன. உடலும் உள்ளமும் ஆன்மாவும் உடையவன் மனிதன் என்று சின்னம் சொல்லிற்று. அந்த மனிதன் எவன் என்று கேட்டபோது தோலின் நிறம் விடை சொல்லிற்று!

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விப் பயிற்சியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்று நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அவ்வித்தின் மரம். குலிக்கின் கோடு நம் ஊர் வரை நீண்டிருக்கிறது.

வரலாறு கற்பிக்கும் நாம் இக்கதையைப் பத்தாம் வகுப்பில் சொல்லி, கரும்பலகையில் முக்கோணம் வரைந்து காட்டினோம். கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, எங்கள் கால அட்டவணையில் விளையாட்டு வேளை இருக்கிறது, ஆனால் அந்த வேளையில் கணக்குத்தான் நடக்கிறது. எங்கள் முக்கோணத்துக்கு எத்தனை பக்கம்?" என்றாள். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பொதுத் தேர்வின் பெயரால் பறிக்கப்பட்ட பக்கத்தை அவள் பெயர் சொல்லிக் கேட்டாள். எஞ்சிய வகுப்புகளுக்கு வேளை உண்டு. ஆனால் திடலில் பந்து பையன்கள் கையில், பெண்கள் மரத்தடியில்! வாயில் இரண்டாகும் கதை வாஷிங்டனோடு முடிந்துவிடவில்லை.

அவள் கேள்வியை ஆசிரியர் கூட்டத்தில் அப்படியே வைத்தோம். "தேர்வு முடியட்டும்" என்றனர் சிலர். உடல் வளரும் பருவம் தேர்வு முடியும் வரை காத்திருக்குமா? வாரத்தில் ஒரு வேளை இப்போது திரும்பியிருக்கிறது. அவ்வேளையில் பந்து முதலில் மாணவியர் கைக்குப் போகிறது. சிறு வெற்றிதான். இன்னும் பெற வேண்டியது மிகுதி.

சின்னம் வரைவது எளிது. அளவுகோலும் கரிக்கோலும் போதும். அதன் பக்கங்களைச் சமமாக வைத்திருக்க நாள்தோறும் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். கேட்கும் பிள்ளைகளை உருவாக்குவோம். கேட்டால் செவிசாய்க்கும் பள்ளிகளை அமைப்போம்!