மாதம் ஆயிரத்து முந்நூறு ரூபாய்: செக்காலையில் ஒரு கேமிங் சென்டருக்குள்

காரைக்குடி செக்காலை ரோட்டில் சகாய மாதா கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், ஒரு மருந்துக் கடையை ஒட்டி மாடிக்குப் போகும் குறுகலான படிக்கட்டு வரும். மேலே கேமிங் சென்டர். மாலை ஆறு மணிக்கு நான் ஏறியபோது வாசலில் செருப்பு விட இடமில்லை. ஏசி ஓடும் ஒரே அறை. சுவரோரம் இரண்டு வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றின் முன்னாலும் காதில் ஹெட்செட் மாட்டிய பையன்கள். மணிக்கு 50 ரூபாய் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

நான் அங்கே போனதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரியில் படிக்கும் மகன் ஒரு இணைய விளையாட்டுக்கு மாதாமாதம் பணம் கேட்கிறான், கொடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். விளையாட்டை வாங்குவதற்கு ஒருமுறை, விளையாடுவதற்கு மாதாமாதம் என்று இரண்டு செலவு. “விளையாடுறதுக்கு வாடகையா?” என்றார் அவர். வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆடுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன்.

கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறவர். “மாசச் சந்தா கட்டி ஆடுற ஆளுங்க நம்மகிட்ட ரொம்பக் கம்மிண்ணே” என்றார். “இங்க எல்லாம் வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக், ஜி.டி.ஏ.தான். மாசாமாசம் காசு கட்ட வேண்டாம், ஐடி போட்டா ஓடும்.” சந்தா கட்டி ஆடும் ஒருவர், வீட்டில் நெட் வராததால் அன்று வந்திருப்பதாகச் சொல்லி, மூலையில் இருந்த இளைஞரைக் கைகாட்டினார்.

பொறியியல் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளைஞர் அவர். ஆடிக்கொண்டிருந்தது ‘ஃபைனல் ஃபேன்டசி 14’. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். திரையில் எட்டுப் பேர் ஒரு பெரிய மிருகத்தோடு மோதுகிறார்கள். இருவர் முன்னால் நின்று அடியை வாங்க வேண்டும், இருவர் காயம் ஆற்ற வேண்டும், நால்வர் தாக்க வேண்டும். ஒருவர் கால் தப்பினால் எட்டுப் பேரும் விழுந்தார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். நடுவில் ஒருவருக்கு வீட்டிலிருந்து அழைப்பு வர, மற்ற ஏழு பேரும் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு நேரத்தில் ஹெட்செட்டில் தமிழ் கேட்டது.

“அது எங்க அத்தை மகன். சிங்கப்பூர்ல இருக்கான்” என்றார் இளைஞர். “போன்ல பேசுனா ரெண்டு நிமிஷம், ‘சாப்பிட்டியா, சரி வை’. இதுல சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி நேரம் ஒண்ணா இருக்கோம்.”

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவுக்காரர் இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சந்தா கட்டுவது மிருகத்தை அடிப்பதற்காக அல்ல, அந்த எட்டுப் பேருக்காக. இந்த வகை ஆட்டங்களில் கில்ட் என்று சொல்லும் கூட்டம் அமையாதவர்கள் சீக்கிரம் சலித்து விலகிவிடுவதும், அமைந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதும் இதனால்தான்.

கணக்குக்கு வருவோம். ஃபைனல் ஃபேன்டசியின் அமெரிக்க விலைப்பட்டியலில் சாதாரண மாதச் சந்தா 14.99 டாலர், குறைந்த வசதியுள்ள தொடக்கச் சந்தா 12.99 டாலர். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டின் அமெரிக்கச் சந்தாவும் 14.99தான். 2004 நவம்பரில் அது வெளிவந்த நாளிலிருந்து அங்கே அந்த எண் மாறவேயில்லை. அமெரிக்கருக்கு விலை ஏறாத பொருள் அது. நமக்கு அப்படியல்ல. 2004இல் ஒரு டாலர் ஏறத்தாழ 45 ரூபாய், அந்தச் சந்தா 675 ரூபாய்க்குள் அடங்கியிருக்கும். இன்று ஆயிரத்து முந்நூறைத் தாண்டுகிறது. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேர்ந்தால் இன்னும் கூடும். வெறும் சந்தாவே ஆண்டுக்கு 15,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் புதிய பாகத்துக்குத் தனி விலை. இவ்வளவு கட்டியும் நம் நாட்டில் சர்வர் கிடையாது. இளைஞர் ஆடிய மெட்டீரியா என்ற சர்வர் தொகுதி, ஓசியானியா பகுதிக்காக 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. திரை மூலையில், சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரத்தைக் காட்டும் பிங் 150ஐ ஒட்டியே நின்றது. பக்கத்து சிஸ்டத்தில் வேலரன்ட் ஆடிய பையனுக்கு அதில் கால்பங்குகூட இல்லை.

கடையில் வந்து ஆடினால் இருமுறை செலவு: சந்தா ஒரு பக்கம், மணிக்கு 50 ரூபாய் இன்னொரு பக்கம். கொரியாவில் இப்படி இல்லை. 1998இல் வந்த ‘லினியேஜ்’ அங்கே பரவியதே பி.சி. பாங் எனப்படும் கம்ப்யூட்டர் கடைகள் வழியாகத்தான். விளையாட்டு நிறுவனத்துக்குரிய கட்டணத்தைக் கடைக்காரர் கட்டிவிடுவார், வாடிக்கையாளர் மணிக்கணக்கு வாடகையோடு எழுந்து போகலாம். பையன்களின் பாக்கெட்டுக்கு ஏற்ற ஏற்பாடு அது. நம் ஊர்களில் அப்படி ஒன்று வேரூன்றவில்லை. 2000களின் நடுவில் ‘ராக்னராக் ஆன்லைன்’ இந்தியப் பதிப்பாகவே வந்தது. சில ஆண்டுகளில் அதுவும் மூடப்பட்டது.

இதுவரை சொன்னதைக் கேட்டால் சந்தாவே வேண்டாம் என்றுதான் தோன்றும். அடுத்த வரிசைக்குப் போனபோது என் எண்ணம் மாறியது.

அங்கே ஒரு பையன், கம்ப்யூட்டர் காலியாவதற்குக் காத்திருந்த நேரத்தில், போனில் பி.ஜி.எம்.ஐ. ஆடிக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்பு. இலவச விளையாட்டு. துப்பாக்கிக்கு மினுமினுக்கும் ஸ்கின் போட்டிருந்தான். அது கடையில் விலைக்கு வருவதில்லை. யூசி என்ற விளையாட்டுப் பணத்தை வாங்கி, அதைக் கொண்டு பெட்டி திறந்து, விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இன்னொரு பெட்டி. “போன மாசம் யூசிக்கு எவ்வளவு போட்ட தம்பி?” என்று கேட்டேன். “தெரியலண்ணே. எண்பது எண்பதா போடுவேன். அப்பா போன்லருந்து, எங்க சித்தப்பா தருவாரு, அப்படி.”

சந்தா கட்டும் இளைஞரிடம் கேட்டபோது ரூபாய் சுத்தமாகச் சொன்னார். இலவச விளையாட்டு ஆடும் பையனுக்குத் தான் செலவழித்தது தெரியவில்லை. செக்காலையில் நான் பார்த்தவற்றில் முக்கியமானது இந்த வித்தியாசம்தான்.

அழகப்பா கல்லூரிப் பக்கம் மாதக் கணக்கு மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாதப் பணம் வாங்கிக்கொண்ட மெஸ்காரர், அடுத்த மாதமும் நாம் வரவேண்டும் என்பதற்காகச் சோறு நன்றாகப் போடுவார். வேளைக்கு வேளை எதையாவது நம் தலையில் கட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இலவச விளையாட்டை நடத்துகிறவருக்கு அந்த அவசியம் உண்டு. அவருக்கு வருமானமே, நாம் பொறுமையிழக்கும் கணத்தில் நீட்டப்படும் பொருளிலிருந்துதான் வருகிறது. அதனால் பொறுமையிழக்க வைப்பதும் விளையாட்டின் வடிவமைப்பிலேயே சேர்ந்துவிடுகிறது. சந்தா விளையாட்டிலும் அலங்காரப் பொருள்கள் தனியாக விற்கிறார்கள். வார்கிராஃப்டில் 2015 முதல், டோக்கன் வாங்கி விற்றுப் பணத்தை விளையாட்டுத் தங்கமாகவே மாற்றிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. ஆனாலும் ஆடுவதற்கான மாதக் கட்டணம் நிலையானது, பெற்றோர் கண்ணுக்கு அது தெரிகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வகையும் அந்த அறையில் நடந்துகொண்டிருந்தது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஜி.டி.ஏ. விளையாட்டின் மீது ஃபைவ்எம் என்ற மென்பொருளைப் போட்டு நடத்தும் தமிழ் ரோல்பிளே சர்வர். ஒரு பையன் போலீஸ்காரர், இன்னொருவன் மெக்கானிக். துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்து எட்டிப் பார்த்தேன். கால் மணி நேரம் ஒரு வண்டியின் ரிப்பேர் செலவு பற்றிப் பேரம் நடந்தது, சுத்தமான தமிழ்நாட்டுத் தெருப் பேச்சில். வேடம் கட்டி நின்ற இடத்திலேயே வசனம் பேசும் நாடகம் இது. கடைக்காரர்கூட வேலையை விட்டுவிட்டு நின்று சிரித்தார். இந்த வகை சர்வர்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர் குழுக்கள்தான். உள்ளே நுழைய வரிசை நீண்டால், முன்னுரிமை வேண்டுவோர் மாதாமாதம் ஒரு தொகை கட்டலாம். டெபெக்ஸ் என்ற தளம் வழியாகத்தான் வசூலிக்க வேண்டும் என்று விதி உண்டு. ஃபைவ்எம்மை உருவாக்கிய குழுவை 2023 ஆகஸ்டில், ஜி.டி.ஏ.வை வெளியிடும் ராக்ஸ்டார் நிறுவனமே சேர்த்துக்கொண்டது. தமிழில் பேசி ஆட ஒரு இடம் வேண்டும் என்பவர்களுக்கு, தூரதேசத்துச் சந்தாவைவிட இது பொருத்தமானது என்பது என் எண்ணம்.

சந்தாவுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மாதக் கட்டணத்தில் வாழும் விளையாட்டு, நம்மை அடுத்த மாதம் வரை இழுத்துப் பிடிக்கும்படிதான் அமைக்கப்படும். தினமும் செய்தால் பரிசு, வாரத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும் ஆயுதம் என்று வேலைகளை நீட்டி வைப்பார்கள். கட்டின காசு வீணாகிவிடக் கூடாதே என்ற எண்ணம், மனமில்லாத நாளிலும் உட்காரச் சொல்லும். படிக்கிற பிள்ளைக்குப் பணத்தைவிட அந்த நேரம் பெரிய இழப்பு.

கட்டியதெல்லாம் நிலைக்கும் என்பதும் இல்லை. 2003இல் தொடங்கிய ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ 2011 டிசம்பர் 15ஆம் தேதி நிறுத்தப்பட்டது. ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ 2012 நவம்பர் 30ஆம் தேதி மூடியது. எட்டு ஆண்டுகள் சந்தா கட்டியவர்களின் வீடும் ஆயுதமும் பெயரும் ஒரே நாளில் போயின. இரண்டாவதை ரசிகர்களே மீட்டு நடத்தி, 2024இல் முறையான உரிமமும் பெற்றார்கள். அப்படி நடப்பது அபூர்வம்.

வெளியே படிக்கட்டில் மகனை அழைத்துப்போக வந்து நின்ற ஒரு அம்மா, “இதெல்லாம் ரம்மி மாதிரிதானே சார்? கவர்மென்ட்டு தடை பண்ணிருச்சுன்னாங்களே” என்று கேட்டார். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் செய்தியைப் படித்துப் படித்து வந்த பயம் அது, நியாயமான பயம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், பணத்தைப் பந்தயமாக வைத்துப் பணம் எதிர்பார்த்து ஆடும் விளையாட்டுகளை நடத்துவதைத்தான் தடை செய்கிறது. சந்தாவோ ஒருமுறை நுழைவுக் கட்டணமோ வாங்கும் விளையாட்டை, அந்தப் பணம் பந்தயமாக இல்லாத வரை, அதே சட்டம் அனுமதிக்கிறது. இதை அவருக்குப் படியில் நின்றபடியே விளக்கினேன். “அப்ப காசு திரும்ப வராதுங்கறீங்க” என்றார். வராது, அதனால்தான் அது சூது இல்லை என்றேன்.

மேலே திரும்பிப் போய் இளைஞரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: புதிதாக வருகிறவன் என்ன செய்ய வேண்டும்? “முதல்ல காசே கட்டக் கூடாதுண்ணே” என்றார். ஃபைனல் ஃபேன்டசியின் இலவசச் சோதனைக்கு நாள் கணக்கு இல்லை. 2023 அக்டோபரிலிருந்து 70ஆம் நிலை வரை, முதல் மூன்று பாகங்களையும் காசில்லாமல் ஆடலாம். பல மாதங்களுக்கு அதுவே போதும். சில தடைகள் உண்டு: சந்தையில் வாங்க விற்க முடியாது, மூன்று லட்சம் நாணயத்துக்கு மேல் கையில் தங்காது. முழு விளையாட்டை வாங்கி அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால், அதே கணக்கை மறுபடி இலவசத்துக்குத் திருப்ப முடியாது. அவசரப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வார்கிராஃப்ட் 20ஆம் நிலை வரை இலவசம். ‘ஈவ் ஆன்லைன்’ 2016 நவம்பரிலிருந்து சந்தா இல்லாமலும் ஆட விடுகிறது. போனிலேயே ஓடும் ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’பிலும் ஒரு பகுதி இலவசம்.

பணம் கட்டும் நிலை வந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடலாம். அந்த மாதம் முடியும் வரை விளையாட்டு ஓடும். 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேர அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தி பெற்றோரின் போனுக்கு வரும்படி வைத்துக்கொள்வது நல்லது.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். மகனோடு சேர்ந்து ஆட நான்கு பேராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். இலவசப் பகுதியை முடித்துவிட்டானா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால், பரீட்சை இல்லாத மாதங்களில் சந்தா கட்டிக் கொடுங்கள், அந்தப் பணத்துக்கு மதிப்பு உண்டு. இல்லையென்றால் கட்டாதீர்கள். கூடவே இன்னொன்றும் செய்யுங்கள்: உங்கள் போனைத் திறந்து, ‘இலவச’ விளையாட்டுகளுக்குப் போன ஆறு மாதத்தில் எண்பது எண்பதாக எவ்வளவு போயிருக்கிறது என்று இன்றைக்கே கூட்டிப் பாருங்கள்.