பூனையின் மேல் விழுந்த பழி

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது. திரிகால மணி ஒலித்து ஓய்ந்திருந்தது. மயிலையில், கடலோசை கேட்கும் தொலைவில் அமைந்த எங்கள் பங்கில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் குடும்பம் ஒன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் என்னைக் காண வந்தனர். மாமியாரின் கையில் பரிசோதனைக்கூடத்தின் உறை ஒன்று இருந்தது. மருமகளோ தரையையே நோக்கியபடி நின்றாள். ஓராண்டுக்குள் இருமுறை அவளுக்குக் கரு கலைந்திருந்ததை நான் அறிவேன்.

"சாமி, நீங்களே பாருங்க. டாக்சோன்னு போட்டு, பாசிட்டிவ்னு எழுதியிருக்கு. பூனையால வர்ற விஷமாம் இது. பூனை வேணாம், வேணாம்னு எத்தனையோ வாட்டி சொன்னேன். இவ கேக்கல. ரெண்டு பிள்ளையையும் அந்தப் பூனைதான் வாரிக்கிட்டுப் போச்சு" என்றார் அந்த மூதாட்டி.

உறையைப் பிரித்துப் பார்த்தேன். எண்களும் எழுத்துகளும் நிறைந்த தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பங்குத்தந்தை எல்லாவற்றிற்கும் விடை சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் என்னைப் போன்றோரை எளிதில் விடுவதில்லை. "பூனையைச் சில காலம் வேறெங்காவது விட்டுவிடலாமே அம்மா, வீட்டில் அமைதி உண்டாகும்" என்று கூறி, ஆசீர் அளித்து அனுப்பிவைத்தேன். உறை என் மேசையிலேயே தங்கிவிட்டது.

மறுநாளே அந்தப் பூனை சாக்குப்பையில் கட்டப்பட்டு, நொச்சிக்குப்பத்து மீன் கடைகளின் பக்கம் கொண்டுபோய் விடப்பட்டது. அடுத்த ஞாயிறு அந்தப் பெண் பாடற்குழுவிற்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் சொன்ன ஒரு சொல், "குற்றம் உன்னுடையதே" என்று அவள் காதில் விழுந்திருக்கிறது என்பதை நான் உணர மூன்று வாரங்கள் ஆயின.

எங்கள் பங்கைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஒருவர் அடையாற்றில் வசிக்கிறார். அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, அவளுடைய இசைவைப் பெற்று, அந்தத் தாளை அவரிடம் காட்டினேன். ஒரே பார்வையில் அவர் சொன்னார்: "ஃபாதர், இது பழைய தொற்றின் அடையாளம். இதற்காகப் பயப்படவே வேண்டியதில்லை. சொல்லப்போனால் இது அந்தப் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு."

திகைத்துப்போனேன். அவர் பொறுமையாக விளக்கியதையும், பின்னர் நானே தேடிப் படித்தறிந்ததையும் இங்கே எழுதுவது, என் தவற்றுக்கு நான் செய்யும் சிறு பரிகாரம் என்று வாசகர்கள் கொள்ளலாம்.

டாக்சோப்ளாஸ்மா என்பது கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒட்டுண்ணி. 1908-ஆம் ஆண்டு துனிஸ் நகரில் சார்லஸ் நிக்கோல், லூயி மான்சோ என்னும் இருவர் எலியினத்தைச் சேர்ந்த ஒரு சிறு விலங்கின் உடலில் இதனைக் கண்டனர். அதே ஆண்டு பிரேசிலில் ஸ்பிளெண்டோர் என்பவரும் முயலிடம் இதனைக் கண்டார். பெயரில் நஞ்சு இருப்பதாக அந்த மூதாட்டி எண்ணினார் அல்லவா? குருமடத்தில் கற்ற சிறிதளவு கிரேக்கம் இங்கே எனக்கு உதவியது. 'டாக்சோன்' என்றால் வில். வளைந்த வில்லைப் போன்ற உருவமுடையது என்பதே பெயரின் பொருள்.

பூனைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1970-ஆம் ஆண்டளவிலேயே தெளிவாயிற்று. அதனை நிலைநாட்டியவர்களுள் இந்தியாவில் பிறந்த கால்நடை அறிஞர் ஜிதேந்தர் துபேயும் ஒருவர். பூனை இனத்தின் குடலில் மட்டுமே இக்கிருமி முட்டை போன்ற நுண்வித்துகளாகப் பெருகி மலத்தோடு வெளியேறுகிறது. இது உண்மை. ஆனால் இந்த உண்மையின் மற்றப் பாதியையும் அறிய வேண்டும். எலியையோ பறவையையோ பச்சை இறைச்சியையோ தின்னும் பூனைக்கே பெரும்பாலும் இத்தொற்று ஏற்படுகிறது. தொற்றிய பூனையும் பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரையே இவ்வித்துகளை வெளியிடுகிறது. வெளிவந்த வித்தும் உடனே தொற்றுவதில்லை. அது முதிர்வதற்கு ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். ஆகவே நாள்தோறும் பூனையின் கழிவை அகற்றிவிடும் வீட்டில், சமைத்த சோற்றையும் மீனையும் தின்று மடியில் படுத்துறங்கும் பூனையால் வரும் ஆபத்து மிகச் சிறிது. கருவுற்ற பெண் அந்தக் கழிவை அள்ளாமல், வீட்டிலுள்ள வேறொருவர் அள்ளினால் போதும். பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

அப்படியானால் மனிதருக்கு இது எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்தும், நீரிலிருந்தும், நன்கு வேகாத இறைச்சியிலிருந்தும் வருகிறது. ஈரமான மண்ணில் இவ்வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்க வல்லவை.

இதற்குச் சான்று தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. 2004-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2005-இன் தொடக்கத்திலும் கோயம்புத்தூரில் பலர் கண் சிவந்து, பார்வை மங்கி, கண்முன் புள்ளிகள் மிதப்பதாகச் சொல்லி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தனர். சில மாதங்களில் அவர்கள் தொகை ஏறத்தாழ 250 ஆயிற்று. விழித்திரையைத் தாக்கியிருந்தது டாக்சோப்ளாஸ்மா என்று மருத்துவர்கள் கண்டனர். ஒரே காலத்தில் இத்தனை பேருக்கு எப்படி வந்தது என்று ஆராய்ந்தபோது, ஐயம் குடிநீரின் மேல் விழுந்தது. 1995-இல் கனடா நாட்டு விக்டோரியா நகரிலும் நகராட்சிக் குடிநீரோடு தொடர்புடையதாக இத்தகைய தொற்று பரவியதுண்டு. நீரில் கலக்கும் குளோரின் இவ்வித்துகளைக் கொல்வதில்லை. கொதிக்கவைத்தால் அவை மடியும். கோவையில் பார்வை மங்கியவர்கள் அனைவரும் பூனை வளர்த்தவர்களா என்ன?

இனி, யார் அஞ்ச வேண்டும் என்பதைப் பார்ப்போம். உடல்நலமுள்ளவரிடம் இத்தொற்று பெரும்பாலும் அறிகுறியே இன்றியோ, சிறு காய்ச்சலும் கழுத்தில் நெறிகட்டுதலுமாகவோ வந்து போய்விடுகிறது. வந்தது அவருக்கே தெரியாது. அதன்பின் குருதியில் ஐஜிஜி எனப்படும் எதிர்ப்பொருள் வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். கரு கலைந்த பெண்களுக்குச் செய்யப்படும் 'டார்ச்' பரிசோதனையில் இது 'பாசிட்டிவ்' என்று வருமானால், "முன்பு என்றோ இவர் இத்தொற்றைக் கண்டு வென்றவர்" என்பதே பொருள். கருவுறுவதற்கு முன்பே பெற்ற இந்தப் பழைய தொற்று, நல்ல உடல்நலமுள்ள தாயிடமிருந்து பொதுவாகக் கருவிலுள்ள குழந்தைக்குச் செல்வதில்லை. ஐஜிஎம் என்னும் மற்றோர் எதிர்ப்பொருளே புதிய தொற்றைச் சுட்டக்கூடியது. அதுவும் சிலரிடம் பல மாதங்கள் நீடிப்பதால், அதை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், தொற்றின் காலத்தைக் கணிக்க உதவும் அவிடிட்டி என்னும் மறுபரிசோதனையையும் மருத்துவர்கள் செய்விப்பர்.

உண்மையில் விழிப்பாயிருக்க வேண்டியவர், பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்று வந்து, வீட்டார் மகிழ்ந்து கொண்டாடும் கர்ப்பிணியே. அவருக்கு எதிர்ப்பாற்றல் இல்லை. கர்ப்பகாலத்தில் முதன்முறையாக அவருக்குத் தொற்று வந்தால், அது குழந்தையின் மூளையையும் கண்ணையும் தாக்கக்கூடும். கருவே கலையவும் கூடும். பிறந்தபோது நலமாகத் தோன்றிய குழந்தைக்கும் ஆண்டுகள் கழித்துப் பார்வை குறையலாம். பிரான்சு நாட்டில் 1978-இல் கர்ப்பிணிகளுக்கு இப்பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது, யாரையும் பழிப்பதற்காகவன்று. இத்தகைய தாய்மாரை முன்கூட்டியே அறிந்து காப்பதற்காகவே. புதிய தொற்று உறுதியானால் அதற்கு மருந்துகளும் உண்டு.

நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் அஞ்ச வேண்டியவர்களே. 1986-இல் நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் தலைமையிலான குழு இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்தது. தொண்ணூறுகளில் குருமாணவனாயிருந்த நான் தாம்பரம் சானடோரியத்தில் நோயாளரைச் சந்திக்கச் செல்வதுண்டு. அங்கே ஓர் இளைஞர் ஒருபுறம் செயலிழந்து, பேச்சுக் குழறிக் கிடந்தார். நெடுநாள் உடலில் உறங்கிக் கிடந்த டாக்சோப்ளாஸ்மா, எதிர்ப்பாற்றல் குன்றியதும் விழித்து மூளையைத் தாக்கிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அவரைக் காண உறவினர் ஒருவரும் வந்ததில்லை. நோய் ஒருபுறம் வாட்ட, பழி மறுபுறம் வாட்டியது. இன்று எச்.ஐ.வி. மருந்துகளும், தேவைப்படுவோர்க்குத் தரப்படும் தடுப்பு மாத்திரைகளும் அத்தகைய துன்பத்தைப் பெரிதும் குறைத்திருக்கின்றன. பழிதூற்றும் வழக்கத்தைக் குறைக்கும் மாத்திரைதான் இன்னும் வந்தபாடில்லை.

வாசகர்களே, இந்நோயைத் தடுக்கும் இடம் பெரும்பாலும் நம் அடுக்களையே. கர்ப்பிணிக்கு இரத்தம் ஊறும் என்று ஆட்டு ஈரலையும் சுவரொட்டியையும் அனலில் இலேசாக வாட்டிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கொடுக்கும் அன்பில் குறையில்லை. ஆனால் உள்ளே சிவப்பு மாறும்வரை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். பச்சை இறைச்சியை நறுக்கிய பலகையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவாமல் அவற்றிலேயே வெள்ளரிக்காயை நறுக்காதீர்கள். ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். கொத்தமல்லி, புதினாத் துவையலுக்கு நாம் கீரையைச் சமைப்பதில்லை. எனவே வேரை அரிந்துவிட்டு, மண் போகப் பலமுறை அலச வேண்டும். தியாகராய நகர்க் கடைவீதியில் நறுக்கி வைத்த பழத்தைக் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நன்று.

லாரித் தண்ணீரை நிரப்பும் நிலத்தடித் தொட்டிகளின் மூடி உடைந்து கிடப்பதை நம் தெருக்களில் எத்தனையோ வீடுகளில் காண்கிறேன். அதனை முதலில் சரிசெய்யுங்கள். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். வீடு கட்டக் கொட்டிய மணற்குவியல் பூனைகளுக்குக் கழிப்பிடம்; நம் பிள்ளைகளுக்கோ விளையாட்டிடம். அதனைத் தார்ப்பாயால் மூடி வையுங்கள். விளையாடி வந்த பிள்ளைகளின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். அடையாற்றுப் பகுதியில் பலர் மாடித்தோட்டம் போட்டிருக்கிறார்கள். மண்ணைக் கிளறும்போது கையுறை அணிவது நல்லது. மசக்கையில் மண் தின்ன ஆசைப்படும் பெண்ணை ஏசாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது இரத்தசோகையின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இவற்றையெல்லாம் அறிந்தபின், ஒரு நாள் மாலை அந்த வீட்டின் படியேறினேன். குடும்பத்தார் அனைவரும் இருக்கும்போதே, "அம்மா, அன்று தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போல் சொல்லிவிட்டேன். உன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. என்னை மன்னித்துவிடு" என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் அழுதாள். கரு கலைந்த நாட்களிலும் இப்படி அழவில்லை என்று பிறகு அவள் கணவர் சொன்னார். மாமியார் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று, மருமகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடையாற்று மருத்துவர் மீண்டும் முறையாகப் பரிசோதித்ததில் தைராய்டுச் சுரப்பியில் குறை இருப்பது தெரியவந்தது. சிகிச்சை நடந்து வருகிறது. மீன் கடைகளின் பக்கம் அந்தப் பூனையைப் பலமுறை தேடினோம், கிடைக்கவில்லை. அந்தப் பெண் மீண்டும் பாடற்குழுவிற்கு வருகிறாள்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும், "இது யார் செய்த பாவம்?" என்று சீடர்கள் கேட்ட நிகழ்ச்சியைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். அதே கேள்வி என் முன்னறைக்குள் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு குழந்தையை இழந்த வீட்டில் யார் குற்றம் என்று தேடுவதற்கு முன், அந்தத் தாயின் அருகில் சற்று உட்காருவோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அழைத்துச் செல்வோம். அதன்பின் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம்.