கல் விழுந்த வருடம்

கடலரிப்பு வரைபடத்தை விரித்ததும் எல்லோரும் தேடுவது சிவப்புக் கோட்டைத்தான்: இருபது வருடம் கழித்துக் கரை எங்கே இருக்கும்? அந்தக் கோட்டை இழுப்பது இன்று சுலபம். 1984 முதலான லேண்ட்சாட் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கரைக்கோடுகளை வரைந்து, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் டிஎஸ்ஏஎஸ் மென்பொருளில் கொடுத்தால், ஆண்டுக்கு எத்தனை மீட்டர் போகிறது என்று சொல்லிவிடும், கணிப்பையும் தந்துவிடும்.

கரை ஏன் போகிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

புதுச்சேரியையே பாருங்கள். இந்தக் கரையில் மணல் தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போகும், வாடைக்காலத்தில் தெற்கே திரும்பும். ஆண்டு மொத்தத்தில் வடக்கே போவதே அதிகம். 1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புகள் கட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை மணலை இழந்தது. அங்கே கருங்கல் கொட்டியதும் அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. தமிழகப் பக்கம் தந்திராயன்குப்பத்தில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, வந்தபின் பொம்மையார்பாளையம் அடி வாங்கியது. கல் விழுந்த ஒவ்வொரு முறையும் அரிப்பின் வேகமும் இடமும் மாறியிருக்கின்றன. இத்தனை வருடங்களையும் ஒரே நேர்கோட்டில் அடக்கினால் எந்தக் காலத்துக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் கிடைக்கும். அதனால் கல் விழுந்த வருடங்களில் தொடரை வெட்டி, கடைசித் துண்டை வைத்தே கணிக்கிறேன். புள்ளிகள் குறையும், பிழையின் எல்லை அகலும். அகலட்டும், அந்த அகலத்தை மறைத்துக் கொடுக்கும் வரைபடம் ஊரை ஏமாற்றும்.

இன்னொரு சிக்கலும் உண்டு: செயற்கைக்கோள் படத்தில் தெரிவது படம் எடுத்த நொடியின் நீர்விளிம்பு மட்டுமே. இருபதுக்கு ஒன்று சரிவுள்ள மணலில் நீர்மட்டம் அரை மீட்டர் ஏறினாலே விளிம்பு பத்து மீட்டர் உள்ளே வந்துவிடும். லேண்ட்சாட் பிக்சலோ முப்பது மீட்டர். ஜனவரிப் படத்தை ஆகஸ்ட் படத்தோடு ஒப்பிட்டால் பருவம் செய்த வேலையையும் அரிப்புக் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரே மாதத்துப் படங்கள், முடிந்தால் ஒரே ஓத நிலை: இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பிறகு கரையில் நேரே நடந்து பார்க்க வேண்டும். குப்பத்துக்காரர் ஒருவர் ஒருமுறை தன் பழைய உறைகிணற்றைக் காட்டினார். கொல்லையில் தரைமட்டத்தில் இருந்த கிணறாம். இப்போது சிமெண்டு உறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக மணலுக்கு மேலே நிற்கின்றன, அலை அடியில் வந்து மோதுகிறது. கரை எவ்வளவு தாழ்ந்தது என்பதை அந்த உறைகளை எண்ணியே சொல்லலாம். மேலிருந்து எடுத்த என் படத்தில் அந்தத் தாழ்வு தெரியாது. அடுத்த புயலில் அலை எவ்வளவு தூரம் ஏறும் என்பதோ அதைப் பொறுத்ததுதான்.

'புதிதாகக் கல் விழாதவரை' என்ற நிபந்தனையைச் சிவப்புக் கோட்டின் மேலேயே, அதே அளவு எழுத்தில் போடுகிறேன். தூண்டில் வளைவுக்கு டெண்டர் விடும்முன், அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்தின் கோட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள் என்று கேட்கிறேன். படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் அந்தக் குப்பத்தாருக்கு எத்தனை மீட்டர் மிஞ்சும் என்ற எண் அதில் வரும். டெண்டர் கோப்பில் அந்த எண்ணும் இருக்க வேண்டும்.