பார்சலா, இங்கேயேவா?

சென்னை ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரி ஒரு சனிக்கிழமை மதுரைக்கு வந்தாள். மாட்டுத்தாவணியில் இறங்கியதும் அவள் சொன்ன முதல் வாக்கியம்: "யூட்யூப்ல இல்லாத மதுரையைக் காட்டு."

நான் நரிமேட்டில் பிறந்து வளர்ந்தவள். "எங்க ஊருக்கு வந்து பாரு, அப்பத் தெரியும்" என்று இரண்டு வருடமாக அவளிடம் பீற்றிக்கொண்டவள். மீனாட்சியம்மன் கோயில், மகால், விளக்குத்தூண் ஜிகர்தண்டா. மதியம் ரெண்டு மணிக்கு என் மதுரை தீர்ந்துபோனது. சாயங்காலம் எங்கே என்று கேட்டாள். கை கழுவப் போகிற சாக்கில் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அண்ணன் மூச்சுவிடாமல் சொன்னான். நெல்பேட்டையில் ராத்திரி பரோட்டா. தெற்குவாசலில் சுக்குமல்லிக் காபி. பூ மார்க்கெட்டில் விடியக்காலை டீ. "இதெல்லாம் நீ எப்படா பாத்த?" என்றேன். "எப்பன்னா? சும்மா சுத்தும்போதுதான்."

அந்தச் 'சும்மா'தான் உறுத்தியது. ஒரே வீடு, ஒரே தெரு. ஆனால் நான் சும்மா எங்கேயும் போனதில்லை. டியூஷனுக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், ஜவுளி எடுக்கப் போனேன். போன காரியம் முடிந்ததும் வீடு. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று அடுக்கடுக்காக வீதிகள். எல்லாவற்றிலும் நடந்திருக்கிறேன். எதிலும் நின்றதில்லை.

அதன்பிறகு ஊருக்கு வரும் ஒவ்வொரு வாரக்கடைசியும் ஒரு வேலை வைத்துக்கொண்டேன். தனியாகப் போக வேண்டும். நின்று சாப்பிட வேண்டும். காரணம் கேட்டால் சொல்லக் கூடாது.

முதல் நாள் மேலமாசி வீதிப் பக்கம் ஒரு டீக்கடை. பத்துப் பேர் நின்றிருந்தார்கள், பத்தும் ஆண்கள். "ஒரு டீண்ணே" என்றேன். மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "பார்சலா?"

எனக்கு முன்னால் வாங்கிய யாரையும் அவர் அப்படிக் கேட்கவில்லை. "இங்கதாண்ணே" என்றதும் கண்ணாடி டம்ளரை ஒருமுறைக்கு இருமுறை கழுவித் தந்தார். மரியாதைதான். பெஞ்சில் இருந்த பெரியவர் எழுந்து இடமும் விட்டார். அதுவும் மரியாதைதான். ஆனால் கடையில் பேச்சு நின்றுவிட்டது. ஒருத்தர் கேட்டார், "யாருக்காச்சும் வெயிட் பண்றியாம்மா?" யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு வெந்தது தெரியாமல் குடித்துவிட்டு வந்தேன்.

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது வந்தவைதான் வெளிவீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும். விளக்குத்தூண் அவர் நினைவாக நிற்பது. அந்த மதில் போய் நூற்றெண்பது வருடம் ஆகிறது. 'பார்சலா?' என்பது இன்னும் நிற்கிற சின்ன மதில் என்று அன்று தோன்றியது.

அடுத்த வாரம் தேடலை மாற்றினேன். அண்ணனின் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

மகாலுக்குப் பின்னால் சௌராஷ்டிரா வீடுகள் நெருக்கியிருக்கிற சந்துகளில், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாசலிலேயே அடுப்பு வைத்துவிடுகிறார்கள். முள்ளு முருங்கை வடை. பேர்தான் வடை, பார்த்தால் பச்சைப் பூரி. பச்சரிசியோடு முள்ளு முருங்கை இலையை அரைத்து, மிளகு தட்டிப்போட்டு, தட்டி எண்ணெயில் விடுவார்கள். மேலே பொடி தூவி ஒரு துண்டுப் பேப்பரில் தருவார்கள். சளிக்கு நல்லது என்று வாங்குகிறவர்கள் பாதி, ருசிக்கு வாங்குகிறவர்கள் மீதி. அடுப்பில் இருந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். உள்ளே மருமகளிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொல்லிவிட்டு, என்னிடம் தமிழில், "நின்னு சாப்பிடு தாயி, ஆறுனா தோலாட்டம் இழுக்கும்" என்றார். அங்கே நின்றவர்களில் முக்கால்வாசி பெண்கள். ஸ்கூல் பை மாட்டிய பிள்ளைகள், கடையில் வேலை முடிந்து போகிறவர்கள். மதுரைத் தெருவில் ஒரு தோளாவது என்னை இடித்துக்கொண்டு சாப்பிட்டதும், அதற்காக நான் நகராததும் அன்றுதான்.

இது புதிதும் இல்லை. மதுரைக்காஞ்சியில் நாளங்காடியும் அல்லங்காடியும் வருகின்றன. பகல் சந்தை, இரவுச் சந்தை. தூங்கா நகரம் என்று நாம் பெருமையடிப்பதன் வேர் அதுதான். அதே பாட்டில் முதிய பெண்கள் பண்டமும் பூவும் ஏந்தி வீடு வீடாக விற்கப் போகிறார்கள். பெருமையடிக்கும்போது அந்தப் பாட்டிகளை விட்டுவிடுகிறோம்.

கடைகளில் எனக்குப் பிடித்தது புதுமண்டபம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. சின்ன வயதில் செப்புச் சாமான் வாங்க அம்மா கூட்டிப் போவாள். சிலைத்தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் கடகடக்கும். சில வருடங்களுக்கு முன் கடைகளை எல்லாம் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். தூண்களுக்கு நல்லதுதான். சத்திரத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் அதே தையல்காரர்கள், சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் போடுகிறவர்களின் உடுப்பைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். "பாரும்மா, பாக்கக் காசா பணமா" என்று ஒருவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாமே இப்படி நல்லபடியாக முடியவில்லை. கீழக்குயில்குடி சமணர் மலைக்கு ஒரு புதன்கிழமை மதியம் லீவு போட்டுப் போனேன். அடிவாரத்தில் ஆலமரம், தாமரைக் குளம், கருப்பசாமி கோயில். மேலே பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. மதுரையில் இதைவிட அமைதியான இடம் எனக்குத் தெரியாது. அந்த அமைதியே பிரச்சினையாகிவிட்டது. பாதிப் படியில் இரண்டு பேர் பின்னால் வந்தார்கள். "தனியாவா வந்திருக்கீங்க?" என்று ஒருவன் கேட்டான். சாதாரணமாகவும் கேட்டிருக்கலாம். நான் காதில் போனை வைத்து, இல்லாத அண்ணனோடு பேசிக்கொண்டே இறங்கிவிட்டேன். தீர்த்தங்கரர்களைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நடைப்பயிற்சிக் கூட்டத்தோடுதான். ஆணாக இருந்தால் இந்த இடத்தைப் பற்றி 'ஆளே இல்லை, போய் அனுபவியுங்கள்' என்று எழுதியிருப்பேன். அதிகம் பேருக்குத் தெரியாத இடம் என்றால் அதில் எனக்கு வேறொரு அர்த்தமும் இருக்கிறது.

கடைசியாக, போன தை மாதம், அம்மாவைத் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப் போனேன். 1645இல் வெட்டியது, பக்கத்துக்கு ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன. என் பள்ளி நாட்களில் வறண்டு கிடக்கும். அண்ணன் அதற்குள்ளேதான் கிரிக்கெட் ஆடினான். நான் கல்சுவருக்கு வெளியே பஸ்ஸில் போனேன். இப்போது தண்ணீர் நிற்கிறது. மைய மண்டபத்தின் நிழல் அதில் ஆடியது.

அம்மா உட்காரவில்லை. "எதுக்கு வந்தோம்? மாரியம்மனைக் கும்பிட்டாச்சு, கிளம்புவோம்."

"சும்மா உக்காரும்மா."

சுவர் ஓரமாகத் தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுவது. எங்கள் வீட்டில் அது அப்பாவின் பண்டம். கீழவாசலில் அவர் குடித்துவிட்டு, எங்களுக்குத் தூக்குவாளியில் கொண்டுவருவார்.

"ரெண்டு" என்றேன். வண்டிக்காரர் கவரை எடுத்தார். "பார்சலாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "டம்ளர்ல குடுங்க" என்றாள்.

ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முந்தானையால் டம்ளரைப் பிடித்து, குளத்தைப் பார்த்தபடி குடித்தாள். பாதியில் இருமினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போதுமா என்று கேட்டேன்.

"இருடீ" என்றாள். "முப்பது வருசமா ஆறிப்போனதத்தான் குடிச்சிருக்கேன். சூடா இருந்தா சுக்கு இம்புட்டு ஏறும்னு யாருக்குத் தெரியும்?"